ராத்திரி அலர்ட் அடித்தால் யார் எழுவது? ஆன்-கால் முறை போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூரில் ஒரு சின்ன மென்பொருள் குழுவில் வேலை பார்க்கிறேன். வீடு கிருஷ்ணகிரியில். குழுவில் என்னையும் சேர்த்து ஆறு பேர். இரண்டு பேர் ஓசூரிலேயே இருக்கிறார்கள், ஒருவர் பாலக்கோடு, ஒருவர் தர்மபுரி, இன்னொருவர் பாதி நாள் பெங்களூரு. எங்கள் சர்வர் பாதி ராத்திரியில் படுத்துக்கொண்டால் இந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்தாக வேண்டும். பகல் வேலையையும் பார்த்துவிட்டு, ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, கோளாறு என்று அலர்ட் வந்து அடித்தால் எழுந்து லேப்டாப்பைத் திறக்கும் இந்த வேலைக்குத்தான் ஆன்-கால் என்று பெயர்.

இதற்கு முன் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் ரோட்டா, அதாவது யாருக்கு எந்த நாள் என்ற முறைப் பட்டியல், என்று எதுவும் கிடையாது. "தம்பி, உனக்கென்ன குடும்பமா குட்டியா, நீயே பாத்துக்கோப்பா" என்று மேனேஜர் அண்ணன் தோளில் கைபோட்டுச் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார். ஏழு மாதம் எல்லா ராத்திரியும் நானே பார்த்தேன். எட்டாவது மாதம் ஒருநாள் போன் அடித்தது காதிலேயே விழவில்லை. காலையில் பார்த்தால் 23 மிஸ்டு கால். அன்றைக்கு என்னைத் திட்டினவர்களில் ஒருவர்கூட, ஒரே ஆளை ஏன் ஏழு மாதம் விட்டுவைத்தோம் என்று கேட்கவில்லை.

இப்போதைய குழுவில் முறையை நாங்களே போட்டோம். முதலில் போட்டதும் சரியில்லை. நாட்களைச் சமமாகப் பிரித்துவிட்டு, நியாயம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். யார் எத்தனை நாள் போனை வைத்திருந்தார் என்பதைவிட, யார் எத்தனை தடவை தூக்கம் கெட்டு எழுந்தார் என்பதைத்தான் எண்ண வேண்டும் என்று தெரிய ஆறு மாதம் ஆனது. புதிதாக முறை போட உட்கார்ந்திருப்பவர்களுக்கும், ரோட்டாவில் முதல் தடவை பெயர் வந்து வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ஆன்-காலா நைட் ஷிஃப்டா?

ஓசூர் சிப்காட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது ஷிஃப்ட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி வேலை, பகலில் தூக்கம், அதற்கென்று ஷிஃப்ட் படி. ஆன்-கால் அப்படி இல்லை. பகல் வேலை அப்படியே இருக்கும், அதன் மேல் இது. ராத்திரி அமைதியாகப் போகும், எப்போதாவது அடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது.

அமெரிக்க வாடிக்கையாளர் இருந்தால் இந்த நம்பிக்கை பொய்யாகிவிடும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7:30, கோடையில் 6:30. அவர்கள் மாலை 5 மணிக்குக் கடையை மூடும்போது இங்கே விடியற்காலை 3:30, கோடையில் 2:30. (மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரம் மாறும். ரோட்டாவில் அதைக் குறித்து வையுங்கள், நாங்கள் ஒருமுறை மறந்தோம்.) அவர்களுடைய பகல் முழுக்க நம் ராத்திரி. அந்த நேரத்தில் தினமும் யாராவது விழித்திருந்து பதில் சொல்ல வேண்டுமென்றால் அது நைட் ஷிஃப்ட். அதற்கு ஆள் போட வேண்டும், பகலில் அந்த ஆளுக்கு வேலை வைக்கக்கூடாது. ஷிஃப்ட் வேலையை ஆன்-கால் என்று பெயர் மாற்றி வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் எத்தனை ராத்திரி யாருமே எழவில்லை என்று பாருங்கள். பாதிக்கும் குறைவு என்றால் உங்களுக்கு வேண்டியது ரோட்டா இல்லை, ஆட்கள்.

ரோட்டாவுக்கு முன் அலர்ட்டைக் கழியுங்கள்

எல்லாரும் நேராக எக்ஸெல்லைத் திறந்து பெயர்களை நிரப்ப ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு மதியம் உட்கார்ந்து, கடந்த ஒரு மாதம் ராத்திரி 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வந்த அலர்ட் அத்தனையையும் எடுத்துப் படியுங்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி. இப்போது வாடிக்கையாளர் யாருக்காவது வேலை நின்றுபோயிருக்கிறதா? எழுந்தவர் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா? காலை 9 மணி வரை விட்டால் மோசமாகுமா? மூன்றுக்கும் ஆம் வந்தால் மட்டும் போன் அடிக்கட்டும். இல்லையென்றால் அது ஒரு டிக்கெட், அதாவது பிறகு பார்க்க எழுதி வைக்கும் வேலைக் குறிப்பு, காலையில் டீயோடு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பாலக்கோட்டு நண்பரின் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாள் தொடர்ந்து விடியற்காலை 5:30க்கு அலர்ட். 'டிஸ்க் 80 சதவீதம் நிறைந்தது.' எழுந்து, லேப்டாப் திறந்து, நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன் போட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் 61 சதவீதம். எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். தூக்கம் போனது போனதுதான், பால்காரர் மணி வேறு அடித்துவிடுவார். ஐந்தாவது நாள்தான் எனக்கு உறைத்தது. சர்வரின் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. யுடிசி நள்ளிரவு 12 மணி என்றால் நமக்குக் காலை 5:30. யாரோ எப்போதோ 'நள்ளிரவில் லாக் கோப்புகளைச் சுருக்கு' (சர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கும் கோப்புகள்) என்று ஒரு வேலையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சுருக்கும்போது பழைய கோப்பும் புதிய கோப்பும் சேர்ந்து பத்து நிமிடம் இடத்தை அடைத்துக்கொள்ளும், பிறகு தானாகக் காலியாகும். நண்பர் உள்ளே நுழைவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு வரி போதுமாக இருந்தது. 80 சதவீதம் தொட்டவுடன் அடிக்காமல், 90 சதவீதத்துக்கு மேல் அரை மணி நேரம் நின்றால் மட்டும் அடி என்று மாற்றினோம். சர்வரைக் கண்காணிக்கும் புரோமிதியஸ் போன்ற கருவிகளில் 'இந்த வேகத்தில் போனால் இன்னும் 4 மணி நேரத்தில் டிஸ்க் நிறைந்துவிடுமா' என்றே கேட்டு வைக்கலாம், அது இன்னும் நல்லது. இணையதளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழின் காலாவதியும் இதே வகைதான். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் குறைவு. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஏதோ காரணத்தால் நின்றுபோனால், முடிய 20 நாள் இருக்கும்போதே பகலில் ஒரு டிக்கெட் வர வேண்டும். முடிகிற ராத்திரியில் ஒருவரை எழுப்பினால், தப்பு 20 நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்.

தானாகச் சரியாகக்கூடியதைத் தானாகவே சரியாக விடுங்கள். விவசாய இணைப்புக்கு மும்முனை மின்சாரம் பாதி ராத்திரியில் வந்த காலத்தில் என் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் மோட்டார் போடுவார். பிறகு மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு படுக்கையிலிருந்தே மோட்டார் ஓடுகிறது. சர்வரில் ஓடும் சேவை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரோகிராம்) செத்தால் தானாக மறுபடி எழுந்து நிற்கும்படி செய்வதும் அதே ஸ்டார்ட்டர்தான். மூன்று தடவை முயன்றும் எழவில்லை என்றால் மட்டும் மனிதரைக் கூப்பிடட்டும்.

இந்த ஒரு மதிய வேலையில் எங்கள் ராத்திரி அலர்ட்டில் பாதிக்கு மேல் காணாமல் போனது. நியாயமாகப் பங்கிடுவதற்கு முன் பங்கிட வேண்டியதையே குறைத்துவிட்டால் சண்டையும் அந்த அளவுக்குக் குறையும்.

எத்தனை பேர் வேண்டும்

சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்ஆர்இ குழுவினர் 2016இல் எழுதி வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒருவருடைய நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் ஆன்-காலில் போகக்கூடாது, ஒரே ஊரில் இருக்கும் குழு வாரம் மாற்றி முறை வைத்தால் குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது அது. எங்கிருந்து 8 வந்தது என்றால், முதலில் எழுபவர் பிரைமரி, அவர் எடுக்காவிட்டால் எழுபவர் செகண்டரி. 8 வாரத்தில் ஒருவருக்கு ஒரு வாரம் பிரைமரி, ஒரு வாரம் செகண்டரி. எட்டில் இரண்டு, அதாவது கால் பங்கு.

எங்களைப் போல ஆறு பேர் என்றால் ஆறில் இரண்டு, மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். தாங்கலாம், ஆனால் அலர்ட் குறைவாக இருந்தால்தான். நான்கு பேர் என்றால் மாதத்தில் இரண்டு வாரம் ஒருவர் போனோடு கட்டிப்போடப்படுகிறார். மூன்று பேரோ அதற்கும் கீழோ இருந்தால் 24 மணி நேரமும் பார்த்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். காலை 7 முதல் இரவு 10 வரை என்று எழுதிக் கொடுங்கள், முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். நாங்கள் பயந்துகொண்டே கேட்டுப் பார்த்தோம், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

வாக்கு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் 30 நாள் மாதத்துக்கு 43 நிமிடம் சர்வர் படுத்துக்கொள்ளலாம். 99.99 என்று இன்னொரு 9 சேர்த்தால் மாதத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குத் தலை தெளியவே 15, 20 நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தை மனிதரை எழுப்பிக் காப்பாற்ற முடியாது, இயந்திரம்தான் காப்பாற்ற வேண்டும். விற்பனைப் பக்கம் இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

ரோட்டா போடுவது

முறை புதன்கிழமை காலை 11 மணிக்கு மாறட்டும். திங்கள் விடுமுறைகளில் மாட்டிக்கொள்ளும், வெள்ளி மாலை எல்லாரும் பேருந்து நிலையத்தில் இருப்பார்கள். புதன் காலையில் இருவரும் விழித்திருப்பார்கள், பேசிக் கைமாற்றிக்கொள்ளலாம்.

வாரம் முழுக்க ஒருவரே பார்ப்பதா, மூன்று நாள் நான்கு நாளாகப் பிரிப்பதா என்பது அலர்ட்டைப் பொறுத்தது. வாரத்தில் ஒரு தடவை எழுவது என்றால் வாரமுறை போதும். இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை அடிக்கிறது என்றால் வாரமுறை ஆளைத் தின்றுவிடும், பிரித்துப் போடுங்கள்.

அலர்ட் அடித்து 5 நிமிடத்தில் பிரைமரி எடுக்காவிட்டால் செகண்டரிக்குப் போகட்டும், அவரும் 10 நிமிடத்தில் எடுக்காவிட்டால் குழுத் தலைவருக்கு. தலைவர் பெயர் இந்த ஏணியில் இருப்பது முக்கியம். ராத்திரி எழுந்து பழக்கமே இல்லாத தலைவருக்கு அலர்ட்டைக் குறைக்க நேரம் ஒதுக்க மனசு வராது. சொந்த அனுபவம்.

இரண்டு மாத ரோட்டாவை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அவரவர் நாட்களைக் கேளுங்கள். தீபாவளி, பொங்கல் மட்டும் பண்டிகை என்று நினைத்து நாங்கள் முதலில் போட்ட பட்டியலில், ஓசூர் நண்பருக்கு உகாதி அன்று விழுந்தது. வீட்டில் தெலுங்கு பேசுபவர், வாயைத் திறந்து சொல்லவே இல்லை. இன்னொருவர் ரம்ஜான் மாதத்தில் சஹர் நேரத்துக்கு எப்படியும் எழுவார் என்று அந்த மாதம் முழுக்க அவர் தலையிலேயே கட்டப் பார்த்தார்கள், அது தப்பு என்று சண்டை போட வேண்டியிருந்தது. தர்மபுரிப் பக்கத்து நண்பருக்கு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, விடிய விடியக் கூத்து. அவருக்கு ஆடிப்பெருக்கைவிட அதுதான் பெரிது. என் வீட்டிலோ மே, ஜூனில் மாந்தோப்பு வேலை. சந்தூர்ப் பக்கம் காய் பறிப்பு நடக்கும்போது என்னை எழுப்பினால் நானே தோப்பில்தான் இருப்பேன். கேட்காமல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

கேட்பதைப் பற்றி இன்னொன்று. குழுவில் பெண்கள் இருந்தால் 'அவங்களுக்கு ராத்திரி வேணாம் பாவம்' என்று ஆண்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "வீட்டுல இருந்து லேப்டாப் தொறக்கறதுக்கு எதுக்குப்பா பாவம்? ஆன்-கால் படியும் போச்சு, சிஸ்டம் எப்படி உடையுதுன்னு கத்துக்கறதும் போச்சு." அவர் சொன்னது சரி. மறுபுறம், கைக்குழந்தை இருக்கும் யாருக்கும், அம்மாவோ அப்பாவோ, சில மாதம் விலக்குக் கொடுங்கள். கல்யாணம் ஆகாதவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் தலையில் கட்டாதீர்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவை அந்தப் பையன்தான் ராத்திரி புரட்டிப் போடுகிறான் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மாற்றிக்கொள்வது சுலபமாக இருக்க வேண்டும். "அண்ணா, வியாழன் நீங்க எடுத்துக்கறீங்களா, ஞாயிறு நான் பாத்துக்கறேன்" என்று கேட்டு, சரி என்று பதில் வந்து, ரோட்டாவில் பெயர் மாறினால் முடிந்தது. மேனேஜர் அனுமதி எல்லாம் வேண்டாம். ஆனால் ரோட்டாவில் பெயர் மாறாமல் வாயால் மட்டும் மாற்றிக்கொண்டால் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடிப்பது ரோட்டாவில் இருக்கும் பெயருக்குத்தான்.

எழுந்த கணக்கு

தளி பக்கத்தில் என் மாமா ஊர். ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கும். வயலோரம் பரண் கட்டி வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து ராத்திரிக் காவல் இருப்பார்கள். யானை வந்து, தீப்பந்தம் பிடித்துக் கத்தி விரட்டிய ராத்திரியில் பரணில் இருந்தவருக்கு அடுத்த முறை வரும்போது, "நீ போய்ப் படு" என்று விட்டுவிடுவார்கள். யானையே வராமல் பரணில் தூங்கிவிட்டு வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. நாங்கள் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தது மாமா ஊரில் எழுதப்படாத சட்டமாக இருந்திருக்கிறது.

எப்படிக் கணக்கு வைப்பது? ஒரு பொது ஷீட் போதும். ராத்திரி 11 முதல் காலை 6 வரை அலர்ட்டுக்கு எழுந்தால் ஒரு புள்ளி. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருந்தால் இரண்டு. அதே ராத்திரி மறுபடி எழுப்பப்பட்டால் அதற்குத் தனியாக இரண்டு, ஏனென்றால் இரண்டாம் தடவை எழுந்தால் அந்த ராத்திரி அவ்வளவுதான். பண்டிகை ராத்திரி என்றால் எல்லாம் இரட்டிப்பு. டேட்டாபேஸ் ஒன்று விழுந்து அதைச் சார்ந்த நாற்பது அலர்ட் ஒன்றாகக் கொட்டினால் அதை ஒரே விழிப்பாக எண்ணுங்கள். (நாற்பதும் தனித்தனியாக அடிக்காமல் ஒன்றாகச் சேர்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள்.)

எடுத்துக்காட்டாக ஒரு மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். இருவரும் ஆளுக்கு 14 நாள் பிரைமரி. ஒருவருடைய நாட்களில் ஏறக்குறைய எதுவும் அடிக்கவில்லை, ஒரே ஒரு தடவை பத்து நிமிட வேலை: ஒரு புள்ளி. இன்னொருவர் ஐந்து ராத்திரி எழுந்தார், அதில் இரண்டில் ஒரு மணி நேரம் தாண்டியது, ஒரு ராத்திரி இரண்டாம் தடவையும் அடித்தது. சாதாரணமாக மூன்று, நீண்டது இரண்டுக்கு நான்கு, மறு அழைப்புக்கு இரண்டு: மொத்தம் ஒன்பது. நாட்களை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். ஒன்பது வாங்கினவருக்கு அடுத்த மூன்று மாதத்தில் ஒரு வாரம் குறையும், ஒன்று வாங்கினவருக்கு ஒரு வாரம் கூடும்.

ஷீட்டில் ஆள் பெயருக்குப் பக்கத்தில், எந்தச் சேவை எழுப்பியது என்றும் ஒரு கட்டம் வையுங்கள். இரண்டு மாதத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அது பில் போடும் சேவை. அதை எழுதியவர் அந்த மாதங்களில் ஒரு தடவைகூட எழவில்லை. குழம்பு வைத்தவர் ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டவர் வேறொருவர். அவரைக் குற்றம் சொல்லாமல், இரண்டு வாரம் வேறு வேலை எதுவும் கொடுக்காமல் அதைச் சரிசெய்ய மட்டும் விட்டோம். அதோடு ஒரு சின்ன விதியும்: மாலை 6 மணிக்குப் பிறகு யாராவது புதுக் குறியீட்டை (புரோகிராம் கோடை) சர்வரில் ஏற்றினால், அன்றைய ராத்திரி முதல் அழைப்பு அவருக்கு. இந்த விதி வந்த வாரத்திலிருந்து மாலை 6 மணிக்குப் பிறகு ஏற்றுவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

எழுந்தவருக்கு என்ன

ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர் மறுநாள் மதியம் வரை வர வேண்டியதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, 'ராத்திரி எழுந்தேன், மதியம் வருகிறேன்' என்று ஒரு செய்தி போட்டால் போதும். இதைச் சலுகையாக மட்டும் பார்க்காதீர்கள். தூக்கம் கெட்டவர் காலை 8 மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போவது சர்வர் விழுவதைவிட ஆபத்தானது. அன்றைக்கு பஸ், அல்லது வீட்டிலிருந்தே வேலை.

படி எவ்வளவு என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. ஆனால் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: போனை வைத்துக்கொண்டு காத்திருந்ததற்கு வாரத்துக்கு இவ்வளவு, எழுந்ததற்குத் தடவைக்கு இவ்வளவு. காத்திருப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்பார்கள். எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் அதற்கு விடை இருக்கிறது. பெல்ஜியத்தின் நிவெல் நகரத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவருக்கு, வீட்டில் காத்திருக்கும்போதும் அழைத்தால் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வர வேண்டும் என்று விதி இருந்தது. அப்படிக் கட்டிப்போட்ட காத்திருப்பு வேலை நேரமாகவே கருதப்பட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அளவுகோல் நன்றாக இருக்கிறது. 5 நிமிடத்தில் லேப்டாப் முன் இருக்க வேண்டும் என்றால் நீங்கள் சந்தைக்குப் போக முடியாது, ஒகேனக்கல் போக முடியாது, குளிக்கக்கூடப் போனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அரை மணி நேரம் என்றால் வாழ்க்கை ஓரளவு வழக்கம்போல இருக்கும். எதிர்வினை நேரம் குறையக் குறையப் படி கூட வேண்டும்.

முதல் தடவை பெயர் வந்திருக்கிறதா?

சேர்ந்த மறுவாரமே உங்கள் பெயரைப் போட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். முதலில் இரண்டு வாரம் நிழலாக இருங்கள். அழைப்பு பழையவருக்கும் உங்களுக்கும் சேர்ந்து வரும், அவர் பார்ப்பார், நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பீர்கள். அடுத்த இரண்டு வாரம் திருப்பிப் போடுங்கள்: நீங்கள் பார்ப்பீர்கள், அவர் பக்கத்தில். அப்புறம்தான் தனியாக.

போனைத் தயார் செய்வதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொந்தரவு வேண்டாம் முறையில் இருந்தாலும் அலர்ட் செயலியும் அது கூப்பிடும் எண்ணும் மட்டும் ஒலிக்க விதிவிலக்குக் கொடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று செயலியை ராத்திரியில் தூங்கவைத்துவிடும், அதற்கும் விலக்கு வேண்டும். பகலில் ஒருமுறை, போனை அமைதியாக வைத்து, திரையை அணைத்துவிட்டு, சோதனை அலர்ட் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். ஒலிக்குப் பிடித்த பாட்டை வைக்காதீர்கள், ஒரு மாதத்தில் அந்தப் பாட்டு வெறுத்துவிடும். நான் பம்பைச் சத்தம் வைத்திருந்தேன். என்னோடு வீடே எழுந்தது. கையில் அதிரும் கடிகாரம் ஒன்றை வாங்கிய பிறகுதான் வீட்டில் எனக்கு மறுபடி காபி கிடைத்தது.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். பிராட்பேண்டும் போன் சிம்மும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம், ஒன்று போனால் மற்றதில் ஹாட்ஸ்பாட் போடலாம். விபிஎன் கடவுச்சொல் காலாவதி ஆகும் நாள் உங்கள் வாரத்தில் விழுகிறதா என்று முன்பே பாருங்கள். அஞ்செட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் வாரமாக இருந்தால் பேசாமல் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் சிக்னல் போய்விட்டால் அந்த நேரத்துக்குக் குழுவில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

ராத்திரி 2:40க்கு அடித்தால்

எடுத்தேன் என்று செயலியில் அழுத்துங்கள், செகண்டரி தூங்கட்டும். எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். படுத்தபடியே போனில் கட்டளை அடிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி அடித்து, நின்றுபோன சர்வரை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த சர்வரை மறுதொடக்கம் செய்தேன். பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

பிறகு ரன்புக்கைத் திறவுங்கள். இந்த அலர்ட் வந்தால் என்ன செய்வது என்று எழுதிய பக்கம் அது. நல்ல ரன்புக் அரைத்தூக்கத்தில் இருப்பவருக்காக எழுதியதாக இருக்கும். எங்களுடையதில் ஒன்று இப்படிப் போகிறது: 'ஆர்டர் சேவை பதில் தரவில்லை. ஒன்று, இந்தத் திரையில் சிவப்புக் கோடு எப்போது ஏறியது என்று பார். இரண்டு, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் யாராவது எதையாவது ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் யோசிக்காதே, பழைய பதிப்புக்குத் திரும்பு. மூன்று, இல்லையென்றால் டேட்டாபேஸ் இணைப்பு எண்ணிக்கையைப் பார், 200 தொட்டிருந்தால் இந்தக் கட்டளை. டேட்டாபேஸை மட்டும் மறுதொடக்கம் செய்யாதே, அதற்கு அக்காவைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் திட்ட மாட்டார்.' கடைசி வாக்கியத்தை அக்காவே எழுதினார்.

20 நிமிடம் முட்டியும் பிடிபடவில்லை என்றால் செகண்டரியைக் கூப்பிடுங்கள். புதியவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தனியாக மல்லுக்கட்டுவார்கள். "சாரி அண்ணா, எழுப்பிட்டேன்" என்று ஆரம்பிக்கக்கூட வேண்டாம், நேராக விஷயத்துக்கு வாருங்கள். எழுப்பத்தானே அவர் பெயரும் அங்கே இருக்கிறது?

ராத்திரியில் செய்ய வேண்டியது வாடிக்கையாளருக்கு வேலை நடக்கும்படி செய்வது மட்டும்தான். எதனால் உடைந்தது என்று தோண்டுவது பகல் வேலை. பத்து நிமிடம் கவனித்து, நிற்கிறது என்று தெரிந்தால் நேரத்தையும் செய்ததையும் நான்கு வரியில் எழுதிவிட்டுப் படுங்கள்.

புதன் காலை கைமாற்றும்போது

பத்து நிமிடம் போதும். அந்த வாரம் எதெது எழுப்பியது, எதைத் தற்காலிகமாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறீர்கள், அடுத்தவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எந்த அலர்ட்டை இனி ராத்திரி அடிக்க விடக்கூடாது என்று குறைந்தது ஒன்றையாவது கைமாற்றுகிறவர் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அந்தப் புதன் மதியமே அது டிக்கெட்டாக மாறும். ஷீட்டில் உங்கள் புள்ளிகளை நீங்களே போட்டுவிடுங்கள். அடக்கமாகக் குறைத்துப் போடுபவர்கள் உண்டு. பாலக்கோட்டு நண்பர் அப்படித்தான், அந்த 5:30 அலர்ட் நான்கு நாளையும், எப்படியும் எழுகிற நேரம்தானே என்று விட்டுவிட்டார். பிறகு நான் உட்கார்ந்து நான்கு புள்ளி போட்டேன்.